சின்ன ஆபரேஷன், ஆரோக்கியமான பிள்ளை: மயக்கத்தில் இதயம் நின்றுவிடுமா?

நீங்கள் எழுதியிருப்பது இது. மூன்று வயது மகன், தொடையிடுக்கில் குடலிறக்கம், அடுத்த மாதம் ஆபரேஷன். முழு மயக்கம் கொடுக்கப் போகிறார்கள். ஒப்புதல் படிவத்தில் இதயம் நின்றுபோகும் வாய்ப்பு உண்டு என்ற ஒரு வரியைப் படித்த நாளிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை. எத்தனை குழந்தைகளுக்கு அப்படி நடக்கிறது என்று எண் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: நன்றாக ஓடி விளையாடுகிற பிள்ளையை நானே தூக்கிக்கொண்டு போய் ஒப்படைக்கிறேன், ஏதாவது ஆகிவிட்டால் நான்தானே காரணம்? இருபது வருடமாகக் குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கிறேன். தியேட்டர் வாசலில் பிள்ளையைக் கையில் வாங்கும்போது அம்மா அப்பா முகத்தில் நான் பார்ப்பது இந்த இரண்டாவது கேள்வியைத்தான். அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வார்த்தைக் குழப்பம். நீங்கள் மாரடைப்பு என்று எழுதியிருந்தீர்கள். மாரடைப்பு என்பது இதயத்தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. அது பெரியவர்களின் நோய். படிவத்தில் சொல்லியிருப்பது இதயத்துடிப்பு நின்றுபோவதை. பெரியவர்களுக்குப் பல நேரம் இதயமே பழுதாகி நிற்கும். பிறவி இதயநோய் இல்லாத குழந்தையின் இதயம் தானாக நிற்பது மிக அபூர்வம். மூச்சிலோ, ரத்த அளவிலோ, மருந்திலோ ஏதோ ஒன்று முதலில் தவறும். அது கவனிக்கப்படாமல் போனால் துடிப்பு மெதுவாகும். கடைசியில்தான் நிற்கும். இந்த வரிசையை நடுவில் எங்கே வேண்டுமானாலும் மறிக்கலாம். எங்கள் வேலையில் பெரும்பகுதி அந்த மறிப்புதான்.

சரி, எண்கள். ஆபரேஷன் நேரத்தில் குழந்தைகளுக்கு இதயம் நின்ற சம்பவங்களைச் சேகரிக்க அமெரிக்காவில் 1994இல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். போக்கா பதிவேடு என்று நாங்கள் சுருக்கிச் சொல்வோம். 1997 வரை வந்த 289 சம்பவங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 150இல் மயக்கத்துக்குப் பங்கு உண்டு என்று முடிவுசெய்தார்கள். கணக்குப் பார்த்தால் 10,000 மயக்கங்களுக்கு 1.4. அந்த 150இல் 26 சதவீதம் மரணத்தில் முடிந்தன. அப்புறம் அமெரிக்காவின் மயோ கிளினிக் மருத்துவமனையில் 1988 முதல் 2005 வரை கொடுத்த 92,881 மயக்கங்களை அலசினார்கள். இதய ஆபரேஷன்களில் 10,000க்கு 127 முறை இதயம் நின்றிருந்தது. மற்ற ஆபரேஷன்களில் எல்லாக் காரணங்களும் சேர்த்து 2.9. மயக்கத்தால்தான் என்று சொல்லத்தக்கவை 0.65, அதாவது ஏறத்தாழ 15,000இல் ஒன்று. மெல்போர்ன் ராயல் குழந்தைகள் மருத்துவமனையில் 2003 முதல் 2008 வரை 1,01,885 மயக்கங்கள். மயக்கத்தோடு தொடர்புள்ள மரணங்கள் 10. உங்களுக்காக நான் அடிக்கோடிட விரும்புவது அடுத்த விவரத்தை: அந்தப் பத்துக் குழந்தைகளுக்கும் ஏற்கெனவே கடுமையான நோய் இருந்தது. ஐந்து பேருக்கு நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் அதிகமாக இருக்கும் நோய். பெரிய நோய் எதுவும் இல்லாத குழந்தை ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.

இந்த எண்கள் ஏன் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் மயக்கமா, ஆபரேஷனா, குழந்தையின் நோயா என்று பிரிப்பது மனிதர்கள் உட்கார்ந்து எடுக்கும் முடிவு. ரத்தப்போக்கு அறுவை சிகிச்சை நிபுணரின் கையில் நடக்கிறது. அதை ஈடுகட்டத் தாமதித்தது மயக்க மருத்துவர் என்றால், யார் கணக்கில் எழுதுவது? ஒவ்வொரு ஆய்வும் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. இன்னொன்று, இவையெல்லாம் நல்ல வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளின் கணக்கு. பயிற்சி பெற்ற ஆளும் கருவியும் குறைந்த இடங்களில் ஆபத்து இதைவிட அதிகம் என்பதில் சந்தேகம் இல்லை. ஆகவே 10,000இல் ஒன்று, இரண்டு என்ற அளவை மனதில் வையுங்கள். தசமப் புள்ளிக்குப் பிறகு வருவதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

எண்ணைவிட முக்கியம், அது எந்தக் குழந்தைகள் மேல் விழுகிறது என்பது. போக்கா பதிவேட்டில் மயக்கத்தோடு தொடர்புள்ள சம்பவங்களில் 55 சதவீதம் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைகள். பிறந்து சில நாளே ஆன சிசுக்கள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், ஏற்கெனவே உடல்நிலை மோசமானவர்கள், நடுராத்திரியில் அவசரமாகக் கொண்டுவரப்படுபவர்கள் இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அதே பதிவேட்டைப் பிற்பாடு ஆராய்ந்தபோது, இதயம் நின்ற குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு இதயநோய் இருந்தது தெரிந்தது. அதிலும் பாதிக்கு மேல் இதய ஆபரேஷனில் நடக்கவில்லை. சாதாரண தியேட்டரில், வேறு ஏதோ ஆபரேஷனின்போது நடந்தது. பல் எடுக்க வந்தாலும் இதயக்குறை உள்ள குழந்தை இதயக்குறை உள்ள குழந்தைதான். மூன்று வயது, நல்ல உடல்நிலை, முன்கூட்டியே தேதி குறித்த ஆபரேஷன் என்று நீங்கள் எழுதியதெல்லாம் சரியாக இருந்தால், உங்கள் மகன் இந்தப் பட்டியலின் மறுகோடியில் இருக்கிறான். அவனை நான் நேரில் பார்க்கவில்லை, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கவில்லை. அதனால் இதை ஒரு 'சரியாக இருந்தால்' போட்டுத்தான் சொல்ல முடியும்.

முதலில் தவறுபவற்றில் மூச்சைத்தான் முதலாவதாகச் சொன்னேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கைக்குழந்தையின் உடல், ஒரு கிலோ எடைக்குப் பெரியவர்களைப் போல இரண்டு மடங்கு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. நுரையீரலில் இருப்பாக இருக்கும் காற்றோ குறைவு. மயங்கியதும் இன்னும் குறையும். பெரியவர் ஒருவருக்கு நன்றாக ஆக்சிஜன் கொடுத்த பிறகு மூச்சு நின்றால் சில நிமிடங்கள் தாங்கும். கைக்குழந்தைக்கு ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் அளவு சரியத் தொடங்கிவிடும். ஆக்சிஜன் குறைந்தால் பெரியவர்களுக்கு முதலில் இதயம் வேகமெடுக்கும். சின்னக் குழந்தைக்கு மெதுவாகும். அதன் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் தள்ளும் ரத்தத்தைப் பெரிதாகக் கூட்ட முடியாதது. துடிப்பு குறைந்தால் உடலுக்குப் போகும் ரத்தமும் அப்படியே குறையும். அதனால் குழந்தையின் துடிப்பு இறங்கினால், வேறு காரணம் தெரியும்வரை அது ஆக்சிஜன் குறைவுதான் என்று நினைத்துக்கொள் என்பது எங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித்தரும் பாடம்.

ஒரு காட்சியைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். நான் வேலைக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். நான்கு வயதுக் குழந்தை, சின்ன ஆபரேஷன், எல்லாம் முடிந்து விழிக்கும் நேரம். குழந்தை பாதி மயக்கத்தில் இருக்கும்போது தொண்டையில் ஒரு சொட்டு எச்சில் இறங்கினாலும் குரல்நாண்கள் இறுக மூடிக்கொள்ளலாம். குரல்வளை இறுக்கம் என்று இதற்குப் பெயர். நெஞ்சு மேலே எழ முயல்கிறது, வயிறு உள்ளே இழுக்கிறது, ஆனால் மூச்சுச் சத்தம் இல்லை. முகக்கவசத்தில் படியும் ஆவியும் இல்லை. விரலில் மாட்டியிருக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு ஒலி எழுப்பும். ஆக்சிஜன் அளவு இறங்க இறங்க அந்த ஒலியின் சுருதியும் இறங்கும். திரையைப் பார்க்காமலே தெரியும். அன்று அது மேல் ஸ்தாயியிலிருந்து படியிறங்குவது போல இறங்கியது. தியேட்டரில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். கவசத்தை முகத்தோடு இறுக்கிப் பிடித்து, தாடையை முன்னால் தள்ளி, சுத்த ஆக்சிஜனை அழுத்தம் கொடுத்துப் பிடித்தேன். விடவில்லை. நர்ஸ் ஒருவர் தயாராக இழுத்து வைத்திருந்த மருந்தை நரம்பில் செலுத்தினார். இறுக்கம் விட்டது. மூச்சு கொடுக்கும் பை அமுங்கியது, நெஞ்சு எழுந்தது, ஒலி படியேறி வந்தது. மொத்தம் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். குழந்தை விழித்து அம்மாவைக் கேட்டு அழுதது. அந்த அழுகையைப் போல எனக்கு நிம்மதி தருவது வேறில்லை. இது எங்கள் வேலையில் அரிதான நிகழ்ச்சி இல்லை. இதயம் நிற்பது அரிது, ஏனென்றால் இந்த இடத்திலேயே பெரும்பாலும் மறித்துவிடுகிறோம்.

மயக்க மருந்து எவ்வளவு பழையதோ, உங்கள் பயமும் அவ்வளவு பழையது. 1848 ஜனவரி 28 அன்று, இங்கிலாந்தின் நியூகாசில் பக்கத்தில், 15 வயதுச் சிறுமி ஹன்னா கிரீனருக்குக் கால்விரல் நகம் எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் இறந்துபோனாள். குளோரோஃபார்ம் மயக்கத்தில் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அது. குளோரோஃபார்மை மருத்துவ உலகுக்குக் கொண்டுவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மருந்து அவள் இதயத்தை நிறுத்தியதா, அல்லது மயங்கிக் கிடந்தவளைத் தெளியவைக்க வாயில் ஊற்றிய தண்ணீரும் பிராந்தியும் மூச்சுக்குழலை அடைத்தனவா என்று அன்றே மருத்துவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து வாதிட்டார்கள். அது இன்றும் தீரவில்லை. அவள் விரலில் ஆக்சிமீட்டர் இல்லை, மூச்சில் வெளிவரும் கரியமிலவாயுவை அளக்கும் கருவி இல்லை, இதயத்துடிப்பின் வரைபடம் இல்லை. ஒரு துணியும், அதில் ஊற்றிய மருந்தும்தான். ஆக்சிமீட்டரின் அடிப்படையை ஜப்பானின் டகுவோ அயோயாகி 1970களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார். தியேட்டர்களில் அது வழக்கமானது 1980களில். இதைவிட அதிகக் குழந்தைகளைக் காப்பாற்றிய கருவி எங்கள் துறையில் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

மருந்துகளும் மாறின. போக்கா பதிவேட்டின் முதல் வருடங்களில் மருந்தால் வந்த சம்பவங்கள் 37 சதவீதம். அவற்றில் மூன்றில் இரண்டுக்கு ஹாலோத்தேன் என்ற மயக்கவாயு காரணம் அல்லது காரணத்தில் ஒரு பங்கு. சிசுக்களின் இதயத்தை அது பலமாக அமுக்கும். அதன் இடத்தில் செவோஃப்ளூரேன் வந்தது. 1998 முதல் 2004 வரையிலான கணக்கில் மருந்தின் பங்கு 18 சதவீதமாக இறங்கியது. முன்னால் வந்து நின்றது ரத்த இழப்பு. 5 கிலோ குழந்தையின் உடலில் உள்ள மொத்த ரத்தம் சுமார் 400 மில்லி. துணிகளில் ஊறிப்போகும் 80 மில்லி பார்வைக்கு ஒன்றுமில்லாதது போல இருக்கும். அந்தக் குழந்தைக்கு அது ஐந்தில் ஒரு பங்கு. உங்கள் மகனின் ஆபரேஷனில் பொதுவாகச் சில மில்லிக்கு மேல் ரத்தம் போகாது. எனவே இதில் நிறுத்திக்கொள்கிறேன்.

அவனுக்குப் பொருந்தக்கூடியவை வேறு இரண்டு. ஒன்று, வலி தெரியாமலிருக்க முதுகின் அடிப்பகுதியில், வால் எலும்புக்கு மேலே போடும் மரப்பு ஊசி. குடலிறக்க ஆபரேஷனில் பல இடங்களில் போடுகிறார்கள். நல்ல முறை, விழித்ததும் பிள்ளை வலியில்லாமல் இருக்கும். அதிலுள்ள புபிவகெய்ன் என்ற மரப்பு மருந்து தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் இதயத் தாளம் கெடலாம். அதனால்தான் எடைக்குக் கணக்கிட்டு, ஊசியைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துகிறோம். மீறி நடந்தாலும் மாற்று உண்டு; 20 சதவீதக் கொழுப்புக் கரைசலை நரம்பில் கொடுத்தால் அது மருந்தை இதயத்திலிருந்து இழுத்துக்கொள்ள உதவுகிறது. இரண்டாவது, ஆண்குழந்தைகளிடம் ஒளிந்திருக்கும் தசைச்சிதைவு நோய், குறிப்பாக டுஷேன் வகை. மூன்று வயதில் வெளியே தெரியாமலே இருக்கலாம். அவர்களுக்கு சக்சினைல்கோலின் என்ற தசைத்தளர்ச்சி மருந்து கொடுத்தால் தசைகளிலிருந்து பொட்டாசியம் வெள்ளமாக ரத்தத்தில் இறங்கி இதயம் நின்றுவிடலாம். 1990களில் இது தெளிவானதும், குழந்தைகளுக்கு அந்த மருந்தை வழக்கமாகப் பயன்படுத்துவது கைவிடப்பட்டது. குரல்வளை இறுக்கம் போன்ற அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். உங்கள் பிள்ளை நடக்கத் தாமதமானானா, தரையிலிருந்து எழும்போது கையைத் தொடையில் ஊன்றி எழுகிறானா, தாய்வழியில் ஆண்கள் யாருக்காவது தசைநோய் இருந்ததா, குடும்பத்தில் யாராவது மயக்கத்தில் கடுமையான காய்ச்சல் வந்து இறந்தார்களா? இவற்றை நாங்கள் கேட்காமல் விட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

அப்படியும் நின்றுவிட்டால்? தியேட்டரில் இதயம் நிற்பதும் தெருவில் நிற்பதும் ஒன்றில்லை. நின்ற அந்த விநாடியே தெரிந்துவிடுகிறது. நரம்பில் ஊசி இருக்கிறது, ஆக்சிஜன் கையில் இருக்கிறது, காரணம் என்ன என்று பெரும்பாலும் ஊகிக்க முடிகிறது. முழுதாக நிற்கும்வரை நாங்கள் காத்திருப்பதும் இல்லை. துடிப்பு நிமிடத்துக்கு 60க்குக் கீழே போய், ஆக்சிஜன் கொடுத்தும் ஏறாமல், ரத்த ஓட்டம் சரியில்லை என்றால் அப்போதே மார்பை அழுத்தத் தொடங்குவோம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கும்படி. நான் வேலைசெய்யும் தியேட்டரில் ஒவ்வொரு குழந்தை வருவதற்கு முன்னும் அதன் எடையைப் பலகையில் எழுதி, பக்கத்திலேயே அட்ரினலின் அளவையும் எழுதிவிடுவோம்: 14 கிலோ என்றால் பத்தாயிரத்தில் ஒன்று கரைசலில் 1.4 மில்லி. கை நடுங்கும் நேரத்தில் யாரும் கணக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு நாளும் எழுதி, ஒவ்வொரு நாளும் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு விஷயத்துக்கு வருகிறேன், சளி. கடந்த இரண்டு வாரத்துக்குள் சளி பிடித்த குழந்தைக்கு மயக்கத்தின்போது மூச்சுத் தொல்லைகள் அதிகம் வருகின்றன என்பது நிச்சயம். 9,297 குழந்தைகளை ஆராய்ந்து 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு அதைத் தெளிவாகக் காட்டியது. இழுப்பு, இரவில் வறட்டு இருமல், தோல் அரிப்பு நோய், வீட்டில் புகைபிடிப்பவர் இருப்பது இவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. ஆனால் எத்தனை நாள் தள்ளிப்போட வேண்டும் என்பதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. சிலர் இரண்டு வாரம் போதும் என்பார்கள், சிலர் நான்கு முதல் ஆறு வாரம் என்பார்கள். சின்ன வயதில் வருடத்துக்கு ஆறேழு முறை சளி பிடிக்கும் பிள்ளைக்கு ஆறு வாரம் காத்திருந்தால் அடுத்த சளி வந்துவிடும். தெளிந்த மூக்கொழுகல் மட்டும், காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறான் என்றால் நான் பெரும்பாலும் செய்துவிடுவேன். காய்ச்சல், நெஞ்சில் சளிச்சத்தம், பச்சையாகச் சளி, சோர்வு இருந்தால் தள்ளிவைப்பேன். இது என் பழக்கம். உங்கள் மருத்துவர் வேறு மாதிரி முடிவெடுத்தால் அவர் தவறு என்று அர்த்தமில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஆபரேஷனே வேண்டாம் என்று விட்டால் ஆபத்து பூஜ்ஜியமாகிவிடும் என்று மனம் கணக்குப் போடுகிறது. தொடையிடுக்குக் குடலிறக்கம் தானாக மூடாது. ஒருநாள் குடல் அதில் சிக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் தடைபடும். ஒரு வயதுக்குள் அந்த ஆபத்து மிக அதிகம், மூன்று வயதில் குறைவு, ஆனால் போய்விடவில்லை. அப்போது வாந்தியோடு, நீர்ச்சத்து வற்றி, வயிறு நிறைந்த நிலையில், ராத்திரியில் மயக்கம் கொடுக்க வேண்டி வரும். மேலே ஆபத்து அதிகம் என்று நான் எண்ணியவற்றில் பல அந்தக் குழந்தையிடம் ஒன்றாக வந்து சேரும். நல்ல உடல்நிலையில், பகலில், தேதி குறித்து நீங்கள் அவனைக் கொண்டுபோவது அவனை ஆபத்திலிருந்து தள்ளிவைக்கும் காரியம்.

மருத்துவமனையில் கேட்க வேண்டியதைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கும் பழக்கம் அவருக்கு எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை பேருக்குக் கொடுக்கிறார், ஆபரேஷன் முழுக்க அவர் அறையிலேயே இருப்பாரா, மூச்சின் கரியமிலவாயுவை அளக்கும் கருவி உண்டா, விழிக்கும் அறையில் பக்கத்திலேயே நர்ஸ் இருப்பாரா. இதைக் கேட்டால் நல்ல மருத்துவர் கோபப்படமாட்டார். உங்கள் பக்கத்திலிருந்து நாங்கள் எதிர்பார்ப்பது உண்மை. திட உணவுக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, தெளிந்த நீருக்கு 2 என்பது பழைய கணக்கு; நீருக்கு 1 மணி நேரம் போதும் என்று இப்போது பல இடங்களில் விடுகிறார்கள். உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரத்தையே பின்பற்றுங்கள். காலையில் அழுகிறானே என்று யாராவது ஒரு வாய் ஊட்டிவிட்டால், திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம். சொன்னால் சில மணி நேரம் தள்ளிவைப்போம், அவ்வளவுதான். மறைத்தால் அந்தச் சாப்பாடு நுரையீரலுக்குள் போகலாம். முந்தின நாள் ராத்திரி காய்ச்சல் வந்தாலும், நெஞ்சு கரகரவென்றாலும், தேதி போய்விடுமே என்று பார்க்காமல் அப்போதே போன் செய்துவிடுங்கள். இன்னொரு தேதி கிடைக்கும்.